பாலைவன வீட்டு முற்றத்தில் ஒரு தட்டுத் தண்ணீர்

அமீரகத்துக்குக் குடும்பத்தோடு புதிதாக வந்து இறங்கியதும், "இங்கே மணலைத் தவிர ஒன்றுமே இல்லையே வாப்பா" என்று பிள்ளைகள் வாடிப்போவார்கள். ஒரு வாரம் ஃபஜ்ருக்குப் பிறகு அவர்களோடு கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து பாருங்கள். சிட்டுக்குருவி, மைனா, சின்னத் தவிட்டுப்புறா, ஊதாத் தேன்சிட்டு என நம் ஊர்ப் பறவைகளே வந்து நிற்கும். குளிர்காலத்தில் புல்தரையைக் கொத்திப் புழு தேடும் கொண்டலாத்தியும் வரலாம். சுலைமான் நபி (அலை) அவர்களின் வரலாற்றில் குர்ஆன் சொல்லும் ஹுத்ஹுத் இதுதான்.

கோடையில் வெயில் 45 டிகிரியைத் தாண்டும். பறவைகளுக்கு வியர்க்காது, அலகைத் திறந்து மூச்சிரைத்தே சூட்டைத் தணிக்கின்றன. அதனால் உடலின் நீர் வேகமாகக் குறைகிறது. பூச்சி தின்னும் பறவைக்கு இரையிலேயே ஓரளவு நீர் கிடைத்துவிடும். தானியம் தின்னும் புறாவும் குருவியும் தண்ணீர் குடித்தே ஆக வேண்டும்.

எனவே, இரண்டு விரற்கடை ஆழமுள்ள மண் தட்டில் தண்ணீர் ஊற்றி நிழலில் வையுங்கள். சிறு பறவைகள் நிற்க நடுவில் ஒரு கல் போடுங்கள். பூனை பதுங்கும் செடிகளுக்கு அருகில் வேண்டாம். கொசு பெருகாமலிருக்கத் தினமும் தட்டைக் கழுவித் தண்ணீரை மாற்றுங்கள். இந்தப் பொறுப்பைப் பிள்ளைகளிடமே கொடுங்கள். காலையில் தம்மைத் தேடி யாரோ வருகிறார்கள் என்றால், புது வீடு சீக்கிரமே அவர்களுக்குப் பழகிவிடும்.