முதல் மோட்டார் சைக்கிள்: வாங்கும் முன் யோசிப்போம்

லைசென்ஸ் கைக்கு வந்துவிட்டது. அடுத்து வண்டி வாங்க வேண்டும். எந்த வண்டி வாங்குவது? நண்பர் ஒன்றைச் சொல்வார். மைத்துனர் வேறொன்றைச் சொல்வார். விளம்பரம் இன்னொன்றைக் காட்டும். ஆனால் ஓட்டப் போவது நீங்கள். கடன் கட்டப் போவதும் நீங்கள். எனவே நீங்களே பார்த்து, படித்து, கணக்குப் போட்டு முடிவு செய்யுங்கள்.

லைசென்ஸில் என்ன எழுதியிருக்கிறது?

முதலில் உங்கள் லைசென்ஸை எடுத்துப் படியுங்கள். கியர் இல்லாத வண்டிக்கு மட்டும் என்று இருந்தால், கியர் உள்ள மோட்டார் சைக்கிளை ஓட்டக் கூடாது. கியர் வண்டிக்கு 18 வயது முடிந்திருக்க வேண்டும். வீட்டுச் சிறுவனிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். 2019இல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டது. அதன்படி, சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கு அல்லது வண்டியின் சொந்தக்காரருக்கு 25,000 ரூபாய் அபராதமும், 3 ஆண்டு வரை சிறையும் உண்டு.

உடம்புக்கு ஏற்ற வண்டி

கடையில் வண்டி மேல் உட்கார்ந்து பாருங்கள். இரண்டு கால்களும் தரையில் நன்றாக ஊன்ற வேண்டும். இறங்கி, வண்டியைத் தள்ளிப் பாருங்கள். நடு ஸ்டாண்டு போட்டு எடுத்துப் பாருங்கள்.

100 சி.சி. வண்டி ஏறத்தாழ 110 கிலோ இருக்கும். 350 சி.சி. புல்லட் ஏறத்தாழ 195 கிலோ. மெதுவாகத் திரும்பும்போதும், மேட்டில் நிற்கும்போதும் வண்டி சாயும். கனமான வண்டி சாய்ந்தால் புதியவரால் தாங்க முடியாது. முதல் வண்டிக்கு 100 முதல் 125 சி.சி. போதும். பெட்ரோல் செலவு குறையும். உங்கள் ஊர் மெக்கானிக்குக்கு அந்த வண்டி பழக்கமா, உதிரி பாகம் பக்கத்தில் கிடைக்குமா என்றும் விசாரியுங்கள்.

பிரேக்கைப் பற்றிக் கேளுங்கள்

ஈரச் சாலையில் பிரேக்கை அழுத்திப் பிடித்தால் சக்கரம் சுற்றாமல் நின்றுவிடும். வண்டி வழுக்கும். ஏ.பி.எஸ். என்ற கருவி அப்படிச் சக்கரம் நின்றுவிடாமல் தடுக்கும். சி.பி.எஸ். என்பது வேறு. அதில் ஒரு பிரேக்கைப் பிடித்தாலே இரண்டு சக்கரத்திலும் பிடிக்கும். 2019 ஏப்ரல் முதல், 125 சி.சி.க்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு ஏ.பி.எஸ். கட்டாயம் ஆனது. சிறிய வண்டிகளுக்கு சி.பி.எஸ்.ஸாவது இருக்க வேண்டும் என்றானது. அதற்கு முந்திய பழைய வண்டிகள் பலவற்றில் இரண்டும் இருக்காது.

தவணைக் கணக்கு

"மாதம் 2,600 ரூபாய்தான்" என்று கடைக்காரர் சொல்லலாம். நாம் முழுக் கணக்குப் போடுவோம்.

எல்லாச் செலவும் சேர்ந்த வண்டி விலை: 90,000 ரூபாய்
முன்பணம்: 20,000 ரூபாய்
கடன்: 70,000 ரூபாய்
தவணை: 2,600 × 36 மாதம் = 93,600 ரூபாய்

70,000 ரூபாய் கடனுக்கு 23,600 ரூபாய் அதிகம் கட்டுகிறோம். மொத்தத்தில் வண்டிக்கு 1,13,600 ரூபாய் ஆகிறது. தவணை தவறினால் வண்டி கையை விட்டுப் போகும். விதைப்புக்கும் பள்ளிக்கூடச் செலவுக்கும் வைத்த பணத்தில் கை வைக்காமல் தவணை கட்ட முடியுமா? வீட்டில் எல்லோரும் கூடிப் பேசுங்கள்.

வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். படித்த பிறகே கையெழுத்து.

பழைய வண்டி வாங்கினால்

ஆர்.சி.யில் சேஸிஸ் எண், என்ஜின் எண் இருக்கும். வண்டியிலும் அதே எண்கள் இருக்கும். ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று மாறினாலும் வாங்காதீர்கள்.

ஆர்.சி.யில் நிதி நிறுவனத்தின் பெயர் இருந்தால் வண்டி மீது கடன் உண்டு என்று பொருள். கடன் தீர்ந்ததற்குச் சான்று கேளுங்கள்.

பெயர் மாற்ற 29, 30 ஆகிய எண் உள்ள படிவங்கள் வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். விற்றவருக்கும் இதில் பொறுப்பு உண்டு. பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால், வழக்கு விற்றவர் வீட்டுக்கும் வரும்.

தலைக்கவசத்துக்கும் பணம் ஒதுக்குங்கள்

ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள தலைக்கவசம் இரண்டு வாங்குங்கள். ஒன்று உங்களுக்கு. இன்னொன்று பின்னால் உட்காருபவருக்கு. தாடைப் பட்டையை மாட்டாவிட்டால் விழும்போது அது கழன்று ஓடிவிடும். புது வண்டிக்கு, பிறருக்கு நேரும் இழப்புக்கான இன்சூரன்ஸை 5 ஆண்டுக்குச் சேர்த்தே எடுக்க வேண்டும். 2018 செப்டம்பர் முதல் இதுவே விதி. அந்தத் தாளையும் கேட்டு வாங்கி, தேதியைப் படியுங்கள்.

பேசுவோம், எழுதுவோம்

1. உங்கள் ஊரில் உள்ள ஒரு வண்டியின் ஆர்.சி.யைப் படியுங்கள். சொந்தக்காரர் பெயரையும் என்ஜின் எண்ணையும் எழுதுங்கள்.
2. கடன் 60,000 ரூபாய். தவணை 2,900 ரூபாய். 24 மாதம். எவ்வளவு அதிகம் கட்ட வேண்டும்?
3. பின்னால் உட்காருபவருக்கு ஏன் தலைக்கவசம் வேண்டும்? குழுவில் பேசுங்கள்.