குடும்பத்தில் தொடரும் கொழுப்பு: சுண்டெலிகள் காட்டிய உண்மை

சுண்டெலிக்கு இயல்பாகத் தமனி நோய் வருவதில்லை. அதன் இரத்தத்திலுள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பகுதி எச்.டி.எல். என்னும் துகள்களில் பயணம் செய்கிறது. தமனிச் சுவரில் படியக்கூடிய எல்.டி.எல். மிகக் குறைவு. மனிதரிடம் இந்தக் கணக்கு தலைகீழானது. ஆகவே தமனி நோயை ஆராய விரும்பியவர்களுக்குச் சுண்டெலி நெடுங்காலம் அதிகம் பயன்படவில்லை.

1992-இல் நிலைமை மாறியது. அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் நொபுயோ மயேடாவின் குழுவும், நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜான் பிரெஸ்லோவின் குழுவும் தனித்தனியே 'அப்போ-ஈ' என்ற புரதம் இல்லாத சுண்டெலிகளை உருவாக்கின. அப்புரதம் கொழுப்புத் துகளின் மேல் ஒட்டிய முகவரிச் சீட்டு போன்றது. சீட்டைக் கண்டே கல்லீரல் துகளை உள்ளே இழுத்துக்கொள்ளும். சீட்டில்லாத துகள்கள் இரத்தத்திலேயே சுற்றித் திரிந்தன. டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராமுக்கும் குறைவாக இருக்க வேண்டிய கொலஸ்ட்ரால் 400-ஐத் தாண்டியது. சாதாரணத் தீனியைத் தின்ற நிலையிலேயே அவற்றின் தமனிகளில் கொழுப்புத் திட்டுகள் தோன்றின.

அடுத்த ஆண்டு டல்லாஸ் நகரில், பிரௌன், கோல்ட்ஸ்டீன் ஆகியோரின் ஆய்வுக்கூடத்தில், வேறொரு குறையுடைய சுண்டெலி பிறந்தது. இதற்கு முகவரிச் சீட்டு உண்டு. துகளை வாங்கிக்கொள்ளும் கதவு, அதாவது எல்.டி.எல். ஏற்பி, இல்லை. சாதாரணத் தீனியில் இருந்தவரை இதன் கொலஸ்ட்ரால் ஏறக்குறைய இருமடங்காகவே உயர்ந்தது. கொலஸ்ட்ரால் கலந்த தீனியைக் கொடுத்ததும் பன்மடங்கு ஏறி, தமனிகள் கடுமையாகப் பழுதுபட்டன. பிறவிக் குறையும் உணவும் கைகோத்தே நோயை வளர்க்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இதே கதவுக் குறை மனிதரிலும் உண்டு. குடும்பவழி மிகைக் கொலஸ்ட்ரால் என்பது அதன் பெயர். தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து பழுதான மரபணு வந்தால் கதவுகளில் பாதி இயங்காது. உலக அளவில் ஏறத்தாழ 250 முதல் 300 பேருக்கு ஒருவர் இந்நிலையில் உள்ளனர். இருவரிடமிருந்தும் வந்தால் நோய் மிகக் கடுமை. இருபது வயதுக்கு முன்பே மாரடைப்பு நேரலாம். இது அரிது.

"சாமைச் சோறு உண்டு, மேட்டு நிலத்தில் நாளெல்லாம் உழைப்பவருக்கு இது எப்படி வரும்?" என்று ஜவ்வாது மலைப் பகுதியிலிருந்து வருவோர் கேட்பது நியாயமே. நல்ல உணவும் உழைப்பும் பெரிதும் காக்கும். ஆனால் இல்லாத கதவை அவை உண்டாக்கித் தர மாட்டா. அத்தை மகன், மாமன் மகள், தாய்மாமன் என உறவுக்குள் மணம் முடிக்கும் வழக்கம் தமிழ்நாடு முழுவதும் உண்டு. அத்தகைய மணத்தில் கணவன், மனைவி இருவரிடமும் ஒரே பழுதான மரபணு இருக்கும் வாய்ப்பு சற்றுக் கூடுதல். அப்படி இருந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் கடுமையான வடிவம் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. இது எவருடைய குற்றமும் அன்று.

குதிகாலின் பின்புறத் தசைநாணிலோ விரல் கணுக்களிலோ கட்டியான புடைப்பு, இளவயதிலேயே கருவிழியைச் சுற்றி வெண்ணிற வளையம், குடும்பத்தில் ஆண்களுக்கு 55, பெண்களுக்கு 60 வயதுக்கு முன் மாரடைப்பு ஆகியவை இருந்தால் மருத்துவரிடம் கூறுங்கள். பெரியவர்களில் எல்.டி.எல். அளவு 190-க்கு மேல் இருப்பதும் ஐயத்துக்கு இடமளிக்கும்.

சிகிச்சையின் அடிப்படை ஸ்டாட்டின் மாத்திரை. அது கல்லீரலில் எஞ்சியுள்ள நல்ல கதவுகளைப் பெருகச் செய்கிறது. 1970-களில் ஜப்பானில் அகிரா எண்டோ கண்டறிந்த முதல் ஸ்டாட்டின், எலிகளிடம் கொலஸ்ட்ராலைக் குறைக்கவில்லை. கோழிகளுக்குக் கொடுத்துப் பார்த்த பிறகே அதன் ஆற்றல் புலப்பட்டது. எலியில் பலித்ததெல்லாம் மனிதரிடம் பலிக்கும் என்றோ, பலிக்காதது வீண் என்றோ கொள்ளலாகாது. ஆய்வுக்கூடச் சுண்டெலியின் தமனித் திட்டு, மனிதரில் நேர்வதுபோல் வெடித்து மாரடைப்பை உண்டாக்குவதும் அரிதே. 'எலிகளில் அடைப்பு கரைந்தது' என்ற செய்தியைப் படித்துவிட்டு உங்கள் மாத்திரையை நிறுத்தாதீர்கள். கருவுற விரும்பும் பெண்கள் மட்டும் முன்கூட்டியே மருத்துவரிடம் பேசி முடிவெடுக்க வேண்டும்.

ஒருவருக்கு நோய் உறுதியானால், உடன்பிறந்தோரும் பிள்ளைகளும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். அவர்களுள் ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்புண்டு. பிள்ளைகளுக்கு 8 முதல் 10 வயதுக்குள் மருந்து தொடங்கப்படுவதுண்டு. மரபணுப் பரிசோதனை கட்டாயமன்று. சாதாரண இரத்தப் பரிசோதனையே தொடக்கத்துக்குப் போதும். அதற்குப் பெரும்பாலும் வெறும் வயிறு தேவையில்லை என்பதால், அதிகாலைப் பேருந்தில் மலையிறங்கி வருவோர் கஞ்சி குடித்துவிட்டே வரலாம். டிரைகிளிசரைடு மிகுந்திருந்தால் மட்டும் வெறும் வயிற்றில் மறுமுறை வரச் சொல்வார்கள்.