போனில் அழுவது மகனா, மாரீசனா? அனிமே வில்லன்களின் தந்திரம் நம் வீட்டுக்கு வந்த கதை

மாலை 7 மணி. கடற்கரையிலிருந்து தாம்பரம் போகும் மின்சார ரயில். கிண்டியில் ஏறியவருக்கு உட்கார இடமில்லை. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் இருக்கும் போனில் அனிமே பார்த்துக்கொண்டு வருகிறார். பல்லாவரம், குரோம்பேட்டை எல்லாம் கடந்து சானடோரியம் வருவதற்குள் ஒரு எபிசோட் முடிந்துவிடும்.

அந்த எபிசோடில் வில்லன் ஹீரோவின் நண்பனாக உருமாறி வந்து நிற்கிறான். அதே முகம், அதே குரல். “டேய், அது அவன் இல்லடா!” என்று நமக்குக் கத்தத் தோன்றுகிறது.

அதே நேரத்தில் சேலையூரில் அவருடைய வீட்டில் போன் அடிப்பதாக நினைத்துப் பாருங்கள். தெரியாத நம்பர். அம்மா எடுக்கிறார். “அம்மா... நான்தாம்மா. பெரிய பிரச்சினையில மாட்டிக்கிட்டேன். உடனே பணம் அனுப்பும்மா. அப்பாகிட்ட இப்ப சொல்லாத.” மகனின் குரல். அழுகிறான். “அது அவன் இல்லை” என்று கத்துவதற்கு அங்கே யாரும் இல்லை.

இது வெறும் கற்பனை இல்லை. ஏஐ மூலம் குரலை நகலெடுத்து, உறவினர் போலப் பேசிப் பணம் பறிக்கும் மோசடி பற்றி தமிழ்நாடு காவல்துறையின் சைபர் குற்றப்பிரிவு 2024-லேயே எச்சரித்திருக்கிறது. தொழில்நுட்பம்தான் புதுசு. தந்திரம் ரொம்பப் பழசு. நமக்குப் பிடித்த கார்ட்டூன்களும் அனிமேக்களும் திரும்பத் திரும்பச் சொல்வது அதைத்தான். அந்தக் கதைகளில் யார் தப்பித்தார்கள், யார் ஏமாந்தார்கள், ஏன்? கொஞ்சம் பார்ப்போம். (ஆமாம், ஸ்பாய்லர் உண்டு!)

*நருட்டோ: பாஸ்வேர்ட் சரி, ஆள் தப்பு*

சோனி யே சேனலில் தமிழிலும் பேசிய ‘நருட்டோ’வை நிறைய பேருக்குத் தெரியும். அதில் சூனின் தேர்வுக்காக மூன்று பேரும் ‘மரணக் காட்டு’க்குள் போவார்கள். போன கொஞ்ச நேரத்திலேயே ஒரு எதிரி, நருட்டோ போல உருமாறி வருவான். சாஸ்கே சட்டென்று கண்டுபிடித்துவிடுவான். ஆயுதப் பை தப்பான காலில் இருக்கிறது. நருட்டோவின் கன்னத்தில் இருந்த காயத்தையும் காணோம்.

இனி இப்படி நடக்கக் கூடாது என்று சாஸ்கே ஒரு பாஸ்வேர்ட் வைக்கிறான். நீளமான பாட்டு மாதிரி ஒன்று. பிறகு மூன்று பேரும் பிரிந்துபோக, நருட்டோ திரும்பி வருகிறான். பாஸ்வேர்ட் கேட்டதும் ஒரு வார்த்தை பிசகாமல் ஒப்பிக்கிறான். உடனே சாஸ்கே அவன்மேல் ஆயுதத்தை வீசுகிறான்! ஏன்? அவ்வளவு நீளமான விஷயத்தை மனப்பாடம் செய்கிற ஆள் நருட்டோ இல்லை. வந்திருந்தது ஒரோச்சிமாரு. மறைந்திருந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டான்.

தகவலைத் திருடலாம். ஒரு மனிதனின் சுபாவத்தைத் திருடுவது கஷ்டம். இதுதான் முதல் பாடம்.

*ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்: தெரிந்தும் ஏன் கை நின்றது?*

2009-ல் வந்த ‘ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்: பிரதர்ஹுட்’ பார்த்தவர்கள் மேஸ் ஹியூஸை மறந்திருக்க மாட்டார்கள். பேசினால் மனைவி, மகள் பற்றி மட்டுமே பேசுகிற மனுஷன். ஒரு ராணுவ ரகசியத்தைக் கண்டுபிடித்துவிட்டு, அதைச் சொல்ல டெலிபோன் பூத்துக்கு ஓடுகிறார். என்வி என்ற உருமாறி, மரியா ராஸ் என்ற அதிகாரியின் வடிவில் துப்பாக்கியோடு வந்து நிற்கிறது. “ராஸுக்கு இடது கண்ணுக்குக் கீழே ஒரு மச்சம் உண்டே” என்று ஹியூஸ் சரியாகப் பிடித்துவிடுகிறார். பலே! தப்பித்துவிட்டார் என்று நாம் நினைக்கிறோம்.

அடுத்த நொடி என்வி அவருடைய மனைவியாக மாறுகிறது.

அது மனைவி இல்லை என்று ஹியூஸுக்குத் தெரியும். கண் முன்னாலேயே உருமாறியது. ஆனாலும் கத்தி பிடித்த கை ஒரு கணம் நின்றுவிடுகிறது. அந்த ஒரு கணம் போதும், துப்பாக்கி வெடிக்கிறது.

ஆக, ‘போலி என்று எனக்குத் தெரியும், நான் ஏமாற மாட்டேன்’ என்ற நம்பிக்கை மட்டும் போதாது. பாசம் அறிவை விட வேகமாக ஓடும். இது இரண்டாவது பாடம்.

*நம்ம ஊர் ஒரிஜினல்: மாரீசனும் மாயா சனகனும்*

ஜப்பான் வரை போய்விட்டோம். ஆனால் இந்தக் காட்சியின் பழைய பதிப்பு நம் பாட்டி சொன்ன கதையிலேயே இருக்கிறது. இந்தியாவும் ஜப்பானும் இணைந்து உருவாக்கிய ‘ராமாயணா: தி லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா’ அனிமே 2025 ஜனவரியில் தமிழ் டப்பிங்கிலும் தியேட்டருக்கு வந்தது. அதில் வரும் பொன்மானை நினைவிருக்கிறதா? அந்த மான்தான் மாரீசன்.

ராமாயணத்தில் அம்பு பட்டு விழும்போது மாரீசன் ராமன் குரலில் சீதையையும் லட்சுமணனையும் கூப்பிட்டு அலறுகிறான். ஆளைப் பார்க்கவில்லை, தூரத்திலிருந்து குரல் மட்டும்தான் வருகிறது. ‘இது அண்ணன் குரலாக இருக்காது, அவருக்கு எதுவும் ஆகாது’ என்று லட்சுமணன் சொல்லிப் பார்க்கிறான். சீதை கேட்கவில்லை. கடும் சொல்லால் அவனைக் காயப்படுத்தி அனுப்பி வைக்கிறாள். அவன் போன பிறகு ராவணன் சந்நியாசி வேஷத்தில் வருகிறான்.

அதே சீதைக்கு இன்னொரு சோதனையும் வருகிறது. வால்மீகியில் இல்லாத, கம்பர் யுத்த காண்டத்தில் வைத்த மாயா சனகப் படலம் அது. மகோதரன் யோசனைப்படி மருத்தன் என்ற அரக்கனை சீதையின் அப்பா சனகனாக உருமாற்றி, அசோகவனத்துக்கு இழுத்து வருகிறார்கள். அப்பாவை அந்தக் கோலத்தில் பார்த்து சீதை உடைந்து அழுகிறாள். ‘அப்பா’வோ, ராவணனுக்கு இணங்கிவிடு என்று மகளிடமே சொல்கிறார்.

சீதை கொதித்துப் போய் மறுக்கிறாள். கவனியுங்கள், அது அரக்கன் மருத்தன் என்று திரிசடை அவளிடம் சொல்வது அதற்குப் பிறகுதான். அவள் முகத்தை ஆராய்ந்து, மச்சத்தைத் தேடித் தப்பிக்கவில்லை. கேட்கப்பட்ட விஷயத்தைப் பார்த்தாள். யார் வாயிலிருந்து வந்தாலும் இதற்குச் சம்மதம் இல்லை என்றாள்.

இன்றைய போன் மோசடிக்கு இதைவிடச் சரியான பதில் இல்லை.

*குரலை எப்படித் திருடுகிறார்கள்?*

ஒருவர் பேசிய ஆடியோ கொஞ்சம் கிடைத்தால் போதும். ரீல்ஸ், யூடியூப் வீடியோ, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் என எங்கிருந்தாவது எடுக்கலாம். அந்தக் குரலின் ஏற்ற இறக்கம், கனம், உச்சரிப்பை ஏஐ மாடல் கற்றுக்கொள்ளும். பிறகு டைப் செய்வதையெல்லாம் அதே குரலில் பேசும். மூன்று விநாடி ஆடியோவிலிருந்தே குரலை நகலெடுக்க முடிந்தது என்று 2023-ல் மெக்காஃபி நிறுவனம் சொன்னது. அந்த நிறுவனம் எடுத்த சர்வேயில் பங்கேற்ற இந்தியர்களில் 69 சதவீதம் பேர், அசல் குரலையும் ஏஐ குரலையும் பிரித்துச் சொல்ல முடியாது அல்லது தெரியவில்லை என்றார்கள்.

குரல் மட்டுமா? 2023 ஜூலையில் கோழிக்கோட்டில் ஒரு பெரியவருக்கு வாட்ஸ்அப்பில் பழைய சக ஊழியர் ‘பேசினார்’. பொதுவான நண்பர்கள் பற்றியெல்லாம் சரியாகப் பேசினார். வீடியோ காலில் சில விநாடி முகமும் தெரிந்தது. உறவினரின் ஆபரேஷனுக்கு அவசரம் என்றதால் ரூ.40,000 அனுப்பினார் பெரியவர். மறுபடியும் பணம் கேட்டபோதுதான் சந்தேகம் வந்து, நண்பரின் உண்மையான நம்பருக்குக் கூப்பிட்டார். “நான் கேட்கவே இல்லையே” என்ற பதில் வந்தது. உடனே புகார் கொடுத்ததால் பணத்தைக் காவல்துறையால் முடக்கி மீட்க முடிந்தது.

பாஸ்வேர்டை ஒப்பித்த ஒரோச்சிமாரு ஞாபகம் வருகிறதா?

*சரி, என்ன செய்யலாம்?*

*கட் பண்ணுங்கள், திருப்பிக் கூப்பிடுங்கள்.* குரலை ஆராய வேண்டாம், அதில் நாம் தோற்போம். காலை கட் செய்துவிட்டு, போனில் சேமித்து வைத்திருக்கும் அவருடைய நம்பருக்கு நீங்களே கூப்பிடுங்கள். எடுக்கவில்லையா? அவருடைய நண்பர், ரூம்மேட், ஆபீஸ் என்று முயற்சி செய்யுங்கள்.

*கேட்பதைப் பாருங்கள்.* உடனே பணம், யாரிடமும் சொல்லாதே, லைனை கட் பண்ணாதே. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால், பேசுவது யாராக இருந்தாலும் பணம் போகக் கூடாது. ‘போலீஸ் பேசுகிறோம், உங்கள் மகன் கேஸில் மாட்டியிருக்கிறான்’ என்று ஒருவர் சொல்லி, பின்னணியில் அழுகுரல் கேட்டாலும் இதே விதிதான்.

*சுபாவத்தைக் கேளுங்கள்.* வீட்டுக்குள் ஒரு ரகசிய வார்த்தை வைத்துக்கொள்ளலாம். ஆனால் பிறந்த தேதி, நாய்க்குட்டி பெயர் எல்லாம் உங்கள் இன்ஸ்டாவிலேயே இருக்கும். ‘போன வாரம் நான் வைத்த ரசத்தைப் பற்றி என்ன கிண்டல் பண்ணினே?’ என்பது போன்ற கேள்வி இன்னும் நல்லது.

*பணம் போய்விட்டால் 1930.* வெட்கப்பட்டு ராத்திரி முழுக்க யோசிக்க வேண்டாம். எவ்வளவு சீக்கிரம் இந்த எண்ணுக்குக் கூப்பிடுகிறோமோ, அவ்வளவுக்குப் பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குப் போகாமல் நிறுத்த வாய்ப்பு அதிகம். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்திலும் புகார் கொடுக்கலாம்.

*இன்று இரவே ஒரு பேச்சு*

இதெல்லாம் நமக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியுமா? தாம்பரம், செம்பாக்கம், மாடம்பாக்கம் பக்கம் எத்தனை வீடுகளில் பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்க, பெற்றோர் மட்டும் இருக்கிறார்கள்! அழும் பிள்ளையின் போனை கட் செய்வது எந்த அம்மாவுக்கும் முடியாத காரியம். ‘நிஜமாவே அவனா இருந்தா? நாம நம்பலைன்னு நினைப்பானோ?’ என்ற பயம்தான் மோசடிக்காரனின் முதலீடு. ‘கொஞ்சம் பொறு’ என்று சொல்கிற ஆள் கல்நெஞ்சக்காரராகத் தெரிவார். லட்சுமணன் பட்டதும் அதுதான்.

அதனால் சந்தேகப்பட நாம்தான் அவர்களுக்கு முன்கூட்டியே உரிமை கொடுக்க வேண்டும். ஹியூஸுக்குக் கிடைக்காத அந்த ஒரு கணத்தை, பதற்றம் இல்லாத ஒரு ராத்திரியில் சாப்பாட்டுக்கு நடுவில் உட்கார்ந்து தயார் செய்துவிடலாம். பெரிய விளக்கம் வேண்டாம். இவ்வளவு போதும்:

“அம்மா, என் குரல்ல யாராவது அழுது பணம் கேட்டா, உடனே கட் பண்ணிட்டு என் நம்பருக்குக் கூப்பிடு. அது நிஜமாவே நானா இருந்தாக்கூட கோவிச்சுக்க மாட்டேன்.”