உங்களுக்குத் தெரியுமா? கல்லூரிக்குப் பணம் கட்டும் முன்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு பல வீடுகளில் நகை அடகுக்கடைக்குப் போகிறது. போகத் தேவையில்லாத வீடுகளிலிருந்தும் போகிறது என்பதுதான் வேதனை. அரசும் வங்கியும் சட்டமும் கொடுத்திருக்கும் வழிகள் கட்டணம் கட்டி முடித்த பிறகே பலருக்குக் காதில் விழுகின்றன. இந்தப் பக்கம், கட்டும் முன் படிப்பதற்கு.

● "முதல் பட்டதாரி" என்றால் அப்பா அம்மா மட்டும் கணக்கில்லை. தாத்தா பாட்டி, உடன்பிறந்தவர்கள் என எவரும் பட்டம் பெற்றிருக்கக் கூடாது. அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் தொழிற்கல்வி இடம் பெற்றால், கற்பிப்புக் கட்டணச் சலுகை உண்டு. தமிழ்நாட்டில் 2010-11 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒரு குடும்பத்தில் ஒரு பிள்ளைக்குத்தான் இது கிடைக்கும். இரட்டைப் பிள்ளைகள் உள்ள வீட்டில் யாருக்குப் பயன்படுத்துவது என்று முன்பே உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

● ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு மருத்துவத்தில் 2020-இல் வந்தது. 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் விரிந்தது. இந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கற்பிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றையும் அரசே ஏற்கிறது. தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தாலும் அப்படித்தான்.

● மேலே சொன்ன இரண்டுமே கலந்தாய்வு வழியாக வருபவர்களுக்கு மட்டும். "கவுன்சலிங்குக்கு ஏன் காத்திருக்கிறீர்கள், இப்போதே சீட் பிளாக் செய்துகொள்ளுங்கள்" என்று போன் வரும். நிர்வாக ஒதுக்கீட்டில் கையெழுத்துப் போட்ட அந்த நிமிடமே இரண்டு உரிமையும் போய்விடும். அதே கல்லூரி, அதே பாடப்பிரிவு கலந்தாய்வில் கிடைக்கக் கூடியதாகவே இருந்தாலும் போனது போனதுதான். முன்பணம் கேட்கும் போனுக்கு வீட்டில் யார் பதில் சொல்வது என்று முடிவு செய்து வைத்துக்கொள்வது நல்லது.

● பொறியியல் கலந்தாய்வில் கட்-ஆஃப் 200-க்குக் கணக்கிடப்படுகிறது: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. இரண்டு பேர் சமமாக வந்தால் முதலில் கணித மதிப்பெண், பிறகு இயற்பியல் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். எல்லாம் சமம், பிறந்த தேதியும் ஒன்று என்றால்தான், விண்ணப்பித்தவர்களுக்குத் தரப்படும் பத்து இலக்க ரேண்டம் எண்ணுக்கு வேலை. அந்த எண் பெரிதாக வந்ததா சிறிதாக வந்ததா என்று கவலைப்பட்டு ஒரு ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

● வருமானம், சாதி, இருப்பிடம், முதல் பட்டதாரி ஆகிய நான்கு சான்றுகளையும் இ-சேவை மையத்தில் மார்ச், ஏப்ரலிலேயே விண்ணப்பித்து வாங்கிவிடலாம். ரிசல்ட் வந்த பிறகு போனால் ஊரே வரிசையில் நிற்கும். தாலுகா அலுவலகத்தில் கோப்புகள் குவியும். இன்னொன்று: ஆதார், மதிப்பெண் பட்டியல், வங்கிப் புத்தகம் மூன்றிலும் பெயரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று இன்றே பாருங்கள். உதவித்தொகை வராமல் போவதற்கு ஓர் இனிஷியல் போதும்.

● மாணவிகளுக்கான புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5-இல் தொடங்கியது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்ட் 9-இல் வந்தது. மாதம் ரூ.1,000 நேராக மாணவரின் கணக்குக்கு வருகிறது. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது தடைபடாது. அரசுப் பள்ளிக்கு மட்டுமே இருந்த இந்த உதவி, அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் இப்போது உண்டு. பட்டப்படிப்பு என்றில்லை, டிப்ளமோ, ஐடிஐ படித்தாலும் கிடைக்கும். விண்ணப்பம் கல்லூரி வழியாகத்தான். பள்ளியில் உங்களுக்குத் தந்த எமிஸ் எண்ணைக் கையோடு எடுத்துப் போங்கள்.

● கல்விக்கடனில் ரூ.4 லட்சம் வரை பிணை கேட்கக் கூடாது. ரிசர்வ் வங்கியின் விதி இது. மத்திய அரசின் கடன் உத்தரவாதத் திட்டத்தின் கீழ் ரூ.7.5 லட்சம் வரை சொத்துப் பத்திரம் இல்லாமலே கொடுக்கலாம். விடுதி, தேர்வுக் கட்டணம், புத்தகம், மடிக்கணினி ஆகியவற்றையும் கடன் தொகையில் சேர்க்கலாம் என்பது தெரியாமல், கல்லூரிக் கட்டணத்துக்கு மட்டும் கடன் வாங்கிவிட்டு விடுதிக்கு வட்டிக்காரரிடம் போகிறவர்கள் உண்டு.

● இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். நான்கு ஆண்டுப் படிப்பு; ஆண்டு தொடக்கத்தில் ஒரு லட்சம் வீதம் நான்கு லட்சம் கடன். வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிக்கும் காலமும் அதற்குப் பிறகு ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம். ஆனால் தனிவட்டி ஏறிக்கொண்டே இருக்கும். முதல் லட்சத்துக்கு ஐந்து ஆண்டு வட்டி 50,000, இரண்டாவதற்கு 40,000, மூன்றாவதற்கு 30,000, நான்காவதற்கு 20,000. ஆக மொத்தம் ரூ.1,40,000. தவணை தொடங்கும் நாளில் கடன் நான்கு லட்சம் அல்ல, ஐந்து லட்சத்து நாற்பதாயிரம்.

இந்த வட்டியைப் படிக்கும்போதே மாதாமாதம் கட்டினால்? முதல் ஆண்டு மாதம் சுமார் ரூ.833. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் ஆயிரம் ரூபாயே இதற்குப் போதும். இரண்டாம் ஆண்டு ரூ.1,667, மூன்றாம் ஆண்டு ரூ.2,500, அதன்பின் ரூ.3,333. கட்ட முடிந்தவரை கட்டினாலும் லாபம்தான். இப்படி ஒழுங்காகக் கட்டுபவர்களுக்கு வட்டியில் ஒரு சதவீதம் வரை குறைக்கும் வங்கிகளும் இருக்கின்றன, கேட்டுப் பாருங்கள்.

அதே நான்கு லட்சத்தை ஊரில் மூணு வட்டிக்கு வாங்கினால் ஓராண்டு வட்டி மட்டும் ரூ.1,44,000. வங்கியில் ஐந்து ஆண்டுகளில் சேர்ந்த வட்டியைவிட அதிகம். வங்கிக்கு நாலு தடவை நடக்க வேண்டியிருக்கிறதே என்று சலித்துக்கொண்டு வட்டிக்காரரிடம் போகிற தகப்பன்மார்களுக்கு யாராவது இதை உட்கார வைத்துச் சொல்ல வேண்டும்.

● அந்த ரூ.1,40,000 வட்டியையும் மத்திய அரசே கட்டும் திட்டம் 2009 முதல் இருக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் ரூ.4.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தொழில்நுட்ப அல்லது தொழிற்கல்வியாக இருக்க வேண்டும். கல்லூரியோ படிப்போ நாக் அல்லது என்பிஏ தரச்சான்று பெற்றிருக்க வேண்டும். கல்லூரியைத் தேர்வு செய்யும்போது கட்டடத்தையும் பஸ் வசதியையும் பார்ப்பதோடு, இந்தச் சான்று இருக்கிறதா என்றும் பாருங்கள். பல ஆயிரம் ரூபாய் அதில் அடங்கியிருக்கிறது. மானியம் தானாக வந்து விழாது. வருமானச் சான்றை வங்கிக் கிளையில் கொடுத்து, மானியத்துக்குப் பதிவு செய்துவிட்டார்களா என்று கேட்க வேண்டும். படிப்பைப் பாதியில் விட்டால் மானியமும் நின்றுவிடும்.

● 2024 நவம்பர் 6-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பிஎம் வித்யாலட்சுமி திட்டத்தில், முன்னணிக் கல்வி நிறுவனங்களில் சேர்பவர்களுக்குக் குடும்ப வருமானம் ரூ.8 லட்சம் வரை இருந்தாலும் 3 சதவீத வட்டிச் சலுகை உண்டு. கடன் ரூ.10 லட்சம் வரை.

● பிளஸ் டூ தேர்வில் உங்கள் வாரியத்தின் முதல் இருபது சதவீதத்தினருக்குள் வந்து, குடும்ப வருமானம் ரூ.4.5 லட்சத்துக்குள் இருந்தால், தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். இளநிலைக்கு ஆண்டுக்கு ரூ.12,000. பி.ஏ. தமிழ் படித்தாலும் இதற்குத் தகுதி உண்டு.

● பொறியியல் அல்லது டிப்ளமோ படிக்கும் பெண்களுக்கு ஏஐசிடிஇ நடத்தும் பிரகதி உதவித்தொகை ஆண்டுக்கு ரூ.50,000. ஒரே வீட்டில் இரண்டு பெண்கள்வரை வாங்கலாம். வருமான வரம்பு ரூ.8 லட்சம் என்பதால் ஆசிரியர், சிறு வியாபாரி வீட்டுப் பெண்களும் இதற்குள் வருவார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கு இதே போல சக்ஷம் என்ற திட்டம் இருக்கிறது.

● பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில், ரூ.2.5 லட்சம் வருமான வரம்புக்குள் இருந்தால், திருப்பித் தரப்படாத கட்டாயக் கட்டணங்கள் அடங்கிவிடும். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் இதுவும் கிடையாது.

● ஐஐடி பி.டெக் கற்பிப்புக் கட்டணம் 2016-இல் ஆண்டுக்கு ரூ.2 லட்சமாக உயர்ந்தது. அந்தச் செய்தி பரவிய அளவுக்கு, அதோடு வந்த சலுகை பரவவில்லை. குடும்ப வருமானம் ஒரு லட்சத்துக்குள் என்றால் கற்பிப்புக் கட்டணம் முழுக்கத் தள்ளுபடி. ஐந்து லட்சத்துக்குள் என்றால் மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி. பட்டியலின, பழங்குடி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு வருமானம் எவ்வளவாக இருந்தாலும் முழுத் தள்ளுபடி. "அதெல்லாம் நமக்குக் கட்டுப்படியாகாது" என்று எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் சொல்லிவிடாதீர்கள்.

● புனேயின் ராணுவ மருத்துவக் கல்லூரியில் எம்பிபிஎஸ் செலவை அரசே ஏற்கிறது. படித்து முடித்துப் படையில் மருத்துவ அதிகாரியாகப் பணியாற்ற வேண்டும். தேசியப் பாதுகாப்பு அகாடமியிலும் படிப்புச் செலவு அரசுடையது. 2022 முதல் அங்கே பெண்களும் பயிற்சி பெறுகிறார்கள்.

● கட்-ஆஃப் குறைந்துவிட்டதா? பிளஸ் டூ அறிவியல் படித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்து பி.இ. இரண்டாம் ஆண்டுக்குள் நுழையலாம். மொத்தம் ஐந்து ஆண்டு ஆகும், ஓராண்டுதான் கூடுதல். அரசுப் பாலிடெக்னிக் என்றால் முதல் இரண்டு ஆண்டுச் செலவு மிகக் குறைவு. பட்டத்தோடு டிப்ளமோவும் கையில் இருக்கும். இந்த வழியைக் குறைவாக நினைப்பவர்கள், பெரும் தொகை கொடுத்து ஏதோ ஒரு கல்லூரியில் இடம் பிடிப்பதைவிட இது எவ்வளவோ மேல் என்பதை யோசிக்க வேண்டும்.

● சேர்ந்த பிறகு வேறு நல்ல இடம் கிடைத்தால், கட்டிய பணம் அவ்வளவுதானா? இல்லை. யுஜிசி 2018-இல் வகுத்த விதிப்படி, சேர்க்கையின் கடைசி நாளுக்கு 15 நாள் முன்பே விலகினால் முழுத்தொகையும் திரும்பும்; அதிகபட்சம் ரூ.5,000 வரை மட்டும் பிடிக்கலாம். அதற்குப் பின் கடைசி நாள்வரை 90 சதவீதம், அடுத்த 15 நாளில் 80, அதற்கடுத்த 15 நாளில் 50. அதைத் தாண்டினால் எதுவும் கிடையாது. ஆகவே விலகும் கடிதத்தை எழுத்தில் கொடுத்து, தேதியோடு ஒப்புதல் வாங்குங்கள். அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் திருப்பித் தர வேண்டும். பிடித்து வைத்துக்கொள்ளக் கல்லூரிக்கு உரிமை இல்லை.

● பெண் குழந்தைக்குப் பத்து வயதாகவில்லையா? செல்வமகள் சேமிப்புக் கணக்கைத் தபால் நிலையத்தில் தொடங்கலாம். பத்தாம் வகுப்பு முடித்த பிறகோ, பதினெட்டு வயதானதுமோ, மேற்படிப்புக்காக இருப்பில் பாதிவரை எடுக்க முடியும்.

● "உங்கள் வீடு எங்கள் கிளை எல்லைக்குள் வராது" என்று சொல்லிக் கல்விக்கடனை மறுக்கக் கூடாது என 2012-லேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. மாணவரின் சிபில் மதிப்பெண் குறைவு என்பதற்காகக் கல்விக்கடனைத் தள்ளக் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2023-இல் தீர்ப்பளித்தது. வாய்மொழியாக "இல்லை" என்றால் திரும்பி வந்துவிடாதீர்கள். வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பித்தால் அது பதிவாகும், மறுத்தால் காரணமும் பதிவாக வேண்டும். மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரிடம் சொல்லலாம். மாவட்ட ஆட்சியர் அலுவலகங்கள் நடத்தும் கல்விக்கடன் முகாமுக்குப் போகலாம். வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு இணையத்திலேயே மனு செய்யலாம். வக்கீல் வேண்டாம், கட்டணமும் இல்லை.