வெள்ளிக்காசை நம்பினேன்!

எனக்குப் பிறந்த ஊர், செஞ்சிப் பக்கம் ஒரு கிராமம். வாக்கப்பட்டு வந்தது, புதுச்சேரி, தேங்காய்த்திட்டு. அங்கே வீட்டைச் சுற்றி செம்மண் காடும், கரையான் புற்றும். இங்கே துறைமுகப் படகும், உப்பங்கழியும், அலையாத்தி மரமும்.

சின்ன வயதில், ஐப்பசி மாதம் ராத்திரி இடி இடித்து மழை பெய்தால் போதும்... இருட்டு பிரியும் முன்பே, ஆயா என்னை எழுப்பி விடும். 'எழுந்திருடி, வெயில் ஏறினா காளான் விரிஞ்சு புழு வச்சிடும்' என்று, கூடையும், கையுமாகக் கிளம்பும். புற்று ஓரம் வெள்ளை வெளேர் என்று, ஆணித் தலை மாதிரி முளைத்து நிற்கும் புத்துக்காளானை, பூவரச இலையில் பொதிந்து எடுத்து வருவோம். மண் போக அலசி, சின்ன வெங்காயமும், மிளகும் போட்டு, மண்சட்டியில் ஆயா வைக்கும் குழம்புக்கு, ஆட்டுக்கறி தோற்றுப் போகும்.

கல்யாணமாகி, 13 வருஷமாக அந்த ருசி நாக்கில் படவில்லை.

கடந்த 2024, நவம்பர் 30 ராத்திரி, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்தில் கரையைக் கடந்தது நினைவிருக்கும். தெருவெல்லாம் வெள்ளம். தண்ணீர் வடிந்து ஒரு வாரம் கழித்து, எங்கள் தெருக்கோடி காலி மனையில், புல்லுக்கு நடுவே குடை குடையாகக் காளான்! பார்த்ததும் ஆயா ஞாபகம் வந்து விட்டது. முந்தானையில் அள்ளி வந்தேன்.

'வேணாம்மா... தெரியாத எடத்துல முளைச்சது' என்றார் மாமியார்.

'எனக்குத் தெரியும் அத்தை. எங்க ஊர்ல இதைப் பறிச்சே வளர்ந்தவ நான்' என்று, ஜம்பமாகச் சொல்லி, எல்லாரும் சொல்லும் பரீட்சையும் செய்தேன். மஞ்சள் தூள் போட்டு வேக வைத்து, வெள்ளிக்காசு ஒன்றை உள்ளே போட்டேன். காசு கறுக்கவில்லை. காளானில் பூச்சி கடித்த தடமும் இருந்தது. பூச்சி தின்றால், மனுஷரும் தின்னலாம் தானே!

என் கணவருக்கு அன்று ராத்திரி டியூட்டி, மாமியார் தொடவில்லை. நானும், 10 வயது மகளும் சாப்பிட்டோம். 2 மணி நேரம் ஆகவில்லை... குழந்தைக்கு வயிற்றைப் பிசைந்து, வாந்தி. அடுத்து எனக்கு. பிறகு பேதி. பாப்பாவின் கண் சொருகியதைப் பார்த்ததும், என் உயிரே போய் விட்டது. பக்கத்து வீட்டுத் தம்பி ஆட்டோ பிடித்துக் கொடுக்க, மாமியார் தான் எங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். கிளம்பும் அவசரத்திலும், சமைக்காமல் மிச்சமிருந்த 2 காளானைத் தாளில் சுற்றி எடுத்து வந்தாரே, அது தான் புத்திசாலித்தனம்.

டாக்டர் ஒன்றைப் புரட்டிக் காட்டினார். குடைக்கு அடியில் இருக்கும் மடிப்பு, லேசான பச்சை! 'இது புல்தரையில் வர்ற விஷக்காளான். சின்னதா இருக்கிறப்ப மடிப்பும் வெள்ளையாத்தான் இருக்கும். வெள்ளியும், மஞ்சளும் விஷத்தைக் காட்டாது. பூச்சிக்கு ஒத்துக்கிறது, நமக்கு ஒத்துக்காது. நீங்க தப்பிச்சீங்க. சில விஷக்காளான், சாப்பிட்டு 6 மணி, 12 மணி நேரம் கழிச்சுத்தான் வாந்தியைக் காட்டும். நடுவுல சரியான மாதிரி இருந்து, கல்லீரலையே கெடுத்துடும்' என்றார்.

குளுகோஸ் ஏற்றி, 2 நாளில் வீடு திரும்பினோம். மாமியார் ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. ஆனால், என் மகள், நான் எதைப் புதிதாகச் சமைத்தாலும், 'நீ முதல்ல சாப்பிடும்மா' என்பாள். அந்த வார்த்தை, ஊசியை விட வலித்தது.

கடந்த 2025 தீபாவளிக்கு அம்மா வீடு போன போது, இதைச் சொல்லி அழுதேன். அம்மா என்னைக் காட்டுக்கு அழைத்துப் போய், ஒரு புற்றோரம் காளானை அடியோடு தோண்டிக் காட்டினார். காம்பு, வேர் மாதிரி நீண்டு, புற்றுக்குள்ளே போனது. கரையான், சருகையும், கட்டையையும் மென்று, உள்ளே பாத்தி மாதிரி கட்டி, காளானைப் பயிர் செய்கிறதாம். மழை ஈரம் இறங்கியதும், அது வெளியே தலை நீட்டுகிறது. அதனால் தான், கடையில் விற்கும் சிப்பிக்காளான் போல, புத்துக்காளானை வைக்கோலில் வளர்க்க முடிவதில்லை.

'உங்க ஆயா, கண்ட எடத்துல கை வச்சு பார்த்திருக்கியா? அதே புத்து, அதே மாசம். அவ மாமியா காட்டுன எடம். சந்தேகம்னா ஒண்ணைக்கூட எடுக்க மாட்டா. நீ காளானைப் பார்த்த; எடத்தைப் பார்க்கல' என்றார் அம்மா.

சுருக்கென்றது. ஆயாவுக்குத் தெரிந்திருந்தது, காளானை மட்டுமல்ல; அந்த மண்ணை. நான், அந்த மண்ணை அங்கேயே விட்டு விட்டு, ருசியை மட்டும் தேங்காய்த்திட்டுக்குக் கொண்டு வந்திருக்கிறேன்!

இமயமலைப் பக்கம், பனி உருகும் காலத்தில், குச்சிக்காளான் என்று ஒன்றைக் காட்டில் தேடிப் பறித்து, காய வைத்து, கிலோ பல ஆயிரம் ரூபாய்க்கு விற்கின்றனர். அத்தனை மதிப்பான அந்தக் காளானையே பச்சையாகத் தின்றால் ஆகாது. 2023ல் அமெரிக்காவில், ஓர் உணவகத்தில் அதைச் சரியாக வேகாமல் சாப்பிட்ட, 2 பேர் இறந்தே போயினர்.

தோழியரே... மழை விட்டதும் வீட்டோரம் முளைக்கும் காளானை, ஆசைக்குக் கூடப் பறிக்காதீர்கள். காளான் ஆசை வந்தால், வளர்த்து விற்பதை வாங்கிச் சமையுங்கள். தப்பித் தவறி சாப்பிட்டு உடம்புக்கு வந்து விட்டால், கை வைத்தியம் பார்க்காமல், மிச்சக் காளானோடு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். வாந்தி நின்று விட்டது என்று, பாதியில் திரும்பி விடாதீர்கள்.

அன்று அம்மா வைத்த குழம்பை, என் மகள் வெகுநேரம் பார்த்தபடி இருந்தாள். பிறகு, 'ஆயா, இது எந்தப் புத்து?' என்று கேட்டாள். அம்மா கையைப் பிடித்து, காட்டுக்கு அழைத்துப் போய்க் காட்டிய பிறகே, சோற்றில் கை வைத்தாள். நான் கேட்காமல் விட்ட கேள்வியை, அவள் கேட்டு விட்டாள்.

— எஸ்.வி., தேங்காய்த்திட்டு, புதுச்சேரி.