கடல் தாண்டியவர்கள் – 7: ஒன்பதாயிரம் பேர் போட்ட மனு

போர்ட் லூயிஸ் துறைமுகத்தையொட்டி, பேருந்து நிலைய இரைச்சலுக்கு நடுவே நிற்கிறது ஆப்ரவாசி காட். 1849-ல் எழும்பிய குடியேற்ற டிப்போவில் மிஞ்சியிருப்பது 1,640 சதுர மீட்டர்தான். படகிலிருந்து இறங்கிய கூலிகள் மிதித்து ஏறிய 16 கல்படிகள் இன்றும் இருக்கின்றன. 1834-லிருந்து 1920 வரை இந்தியாவிலிருந்து மொரீஷியஸுக்கு வந்தவர்கள் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர். மதராஸில் கப்பலேறிய நம்மவர்கள் மட்டுமே லட்சத்தைத் தாண்டும்.

ஒப்பந்தக் கூலி வரலாற்றைப் பேச உலகெங்குமுள்ள ஆய்வாளர்கள் இந்த ஊரில் மாநாடு கூட்டும்போதெல்லாம் ஒரு பழைய வழக்கு மறுபடி விசாரணைக்கு வந்துவிடும். ஒப்பந்தக் கூலி முறை பெயர் மாற்றி வந்த அடிமை முறையே என்று 1974-ல் ஹ்யூ டிங்கர் எழுதினார். வந்தவர்கள் ஏமாந்தவர்கள் மட்டுமல்ல; உறவைக் கூப்பிட்டுக்கொண்டார்கள், காசு சேர்த்தார்கள், நிலம் வாங்கினார்கள் என்று மரீனா கார்ட்டர் போன்றவர்கள் பின்னால் காட்டினார்கள். இரு பக்கமும் ஆதாரம் உண்டு. ஆனால், கூலிகளே சொன்ன சாட்சியத்தை முதலில் கேட்க வேண்டும் என்பது என் கட்சி.

அந்தச் சாட்சியம் 1871-ல் எழுதப்பட்டது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு சட்டம் வந்திருந்தது. ஒப்பந்தம் முடிந்து வெளியே வந்த 'பழைய குடியேறி' ஒவ்வொருவரும் புகைப்படம் ஒட்டிய சீட்டைக் கையிலேயே வைத்திருக்க வேண்டும். எந்த மாவட்டத்தில் குடியிருக்கிறார் என்று போலீஸ் பாஸ் வேண்டும். காய்கறி விற்கப் போகிறவரைக்கூட வழிமறித்துச் சீட்டைக் கேட்கலாம். இல்லையென்றால் நாடோடி என்று பிடித்துப் போகலாம். தோட்டத்துக்குள்ளோ 'இரட்டை வெட்டு': ஒருநாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலி போச்சு. ஐந்து வருடம் உழைத்து முடித்தவனை மறுபடி கரும்புக்காட்டுக்கே துரத்துவதற்கு இதைவிட நேர்த்தியான வழி இருந்திருக்க முடியாது.

அடால்ஃப் டி பிளெவிட்ஸ் என்ற வெள்ளைக்காரர் இந்தக் குறைகளை மனுவாக எழுதினார். ராஜரத்தினம் முதலியார் என்ற தமிழர் அவருக்குத் துணை நின்றார். 9,401 பேர் ஒப்பமிட்டார்கள். சீட்டு இல்லாமல் தெருவில் இறங்கவே பயந்த காலத்தில், அரசாங்கத்துக்குப் போகும் தாளில் பெயரைக் கொடுத்தவர்கள்! அந்தத் துணிச்சலை நினைக்கும்போது நெஞ்சு விம்முகிறது. முதலாளிகள் கொதித்தார்கள், டி பிளெவிட்ஸை நாடு கடத்தச் சொன்னார்கள், போர்ட் லூயிஸ் தெருவில் அவருக்கு அடியும் விழுந்தது. ஆனால் 1872-ல் ராயல் கமிஷன் வந்தது. மனுவிலிருந்த குறைகள் உண்மைதான் என்று 1875-ல் அதன் அறிக்கை ஒப்புக்கொண்டது. 1878-ல் தொழிலாளர் சட்டம் திருத்தி எழுதப்பட்டது.

கூலிகளைக் கண்காணிக்க அரசாங்கம் எழுதிவைத்த பேரேடுகள் இன்று மோகாவில், மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. பெயர், எண், வயது, சாதி, உயரம், மச்சம், ஊர், கப்பல் எல்லாம் அதில் உண்டு. 2015-ல் யுனெஸ்கோ அவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. பூட்டனின் எண்ணைத் தேடிப் பேரப்பிள்ளைகள் அங்கே போகிறார்கள். ஊர்ப்பெயர் கிடைத்துவிட்டால் அடுத்த தேடல் நம் பக்கத்தில்தான் நடக்க வேண்டும். அந்த ஊர்களில் ஏன் ஆள் கிளம்பினார்கள், எந்தப் பஞ்சம், எந்தக் கடன், எந்தக் கங்காணி என்று மாவட்டம் மாவட்டமாக நாம் எழுதியது மிகக் குறைவு. போர்ட் லூயிஸ் மாநாட்டு மேடையில் இந்தப் பாதியைச் சொல்லத் தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் போக வேண்டும். கையில் ஆவணத்தோடு போக வேண்டும்.

அடுத்த வாரம், கப்பலேறும் முன் அவர்களை அடைத்துவைத்த மதராஸ் டிப்போவுக்குள் போவோம்.

(தொடரும்)