துணிவும் தயக்கமும்: சிலம்பின் வழியே முடிவெடுக்கும் முறைகள்

மாணவர் சேர்க்கை நாளொன்றில் நம் துறை மேசையின் முன் ஒரு தந்தையும் மகளும் வந்து நின்றனர். படிவம் கைக்கு வந்த மாத்திரத்தில் தந்தை பாடப்பிரிவை எழுதிவிட்டார். "உனக்கும் இதுதானே விருப்பம், அம்மா?" என்று நாம் வினவினோம். "அத்தா சொன்னால் சரி" என்னும் விடை, தரையை நோக்கியவண்ணம் வந்தது. "இதில் யோசிக்க என்ன சார் இருக்கிறது?" என்றார் தந்தை. ஆறு திங்கள் சென்றபின் அம்மாணவி தனியே வந்து, தாம் படிக்க எண்ணியிருந்த பாடம் வேறு என்று மெல்லிய குரலில் கூறினார். அப்போது காலம் கடந்துவிட்டிருந்தது.

தந்தை அன்பற்றவர் அல்லர். மகள் அறிவற்றவரும் அல்லர். முடிவெடுப்பதில் இருவரும் இரு வேறு முறையினர். அவ்வேறுபாட்டை இருவரும் உணரவில்லை என்பதே இங்கு நேர்ந்த குறை. விரைந்து முடிவெடுப்போர் தயங்குவோரைக் கோழைகள் என எண்ணுகின்றனர். தயங்குவோர் விரைவோரை முரடர்கள் என எண்ணுகின்றனர். பழக்க வேறுபாட்டைக் குணக்கேடாகக் கொள்வதால் விளையும் மனத்தாங்கல்கள் நம் இல்லங்களில் மிகப் பல.

ஐவகை முறைகள்

1995ஆம் ஆண்டில் சுசான் ஸ்காட், ரெஜினால்ட் புரூஸ் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர், மக்கள் முடிவெடுக்கும் முறைகளை ஐந்தாக வகுத்துக் காட்டினர். செய்திகளைத் திரட்டி, நிறைகுறைகளை எடைபோட்டு முடிவு காண்பது ஆய்வு முறை. உள்ளம் உணர்த்துவதை நம்பி நடப்பது உள்ளுணர்வு முறை. பிறர் அறிவுரையையும் துணையையும் நாடி நிற்பது சார்பு முறை. முடிவெடுப்பதையே இயன்றவரை தள்ளிப்போடுவது தவிர்ப்பு முறை. எண்ணிய அக்கணமே முடித்துவிடத் துடிப்பது உடனடி முறை.

இவை பிறவிக் குணங்கள் அல்ல, பழகிப் பழகிப் படிந்த வழக்கங்களே என்று அவர்கள் கூறியது நம் கருத்தில் இருத்தத் தக்கது. பழக்கத்தால் வந்ததைப் பயிற்சியால் திருத்திக்கொள்ளவும் இயலும். மேலும், ஒருவரிடம் ஒரு முறையே இருக்கும் என்பதும் இல்லை. பல முறைகள் கலந்திருக்க, அவற்றுள் ஒன்று மேலோங்கி நிற்பதே இயல்பு.

ஒரு காப்பியம், இரு மன்னர்

இவ்வேறுபாட்டைக் காண நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. சிலப்பதிகாரம் இரு மன்னரை நம்முன் நிறுத்துகிறது.

ஊடல் கொண்ட தேவியைத் தெளிவிக்க விரைந்து செல்கிறான் பாண்டியன் நெடுஞ்செழியன். வழியில் பொற்கொல்லன் வந்து, தேவியின் சிலம்பைக் களவாடியவன் அகப்பட்டான் என்கிறான். மன்னன் நின்று வினவவில்லை, நடந்தவாறே ஆணையிட்டுவிடுகிறான். இது உடனடி முறை. தேவியின் சிலம்பில் இருப்பது முத்து, கண்ணகியின் சிலம்பில் இருப்பது மாணிக்கம். சிலம்பின் பரல் யாது என்னும் அவ்வொரு வினா பின்னர் அரசவையில் எழுந்தபோது உண்மை நொடியில் வெளிப்பட்டது. அதனை முன்னரே வினவியிருந்தால் கோவலன் பிழைத்திருப்பான். கொலைசெய்யச் சென்ற காவலரே கோவலனின் தோற்றத்தைக் கண்டு, இவன் கொலைக்குரியவன் அல்லன் என்று ஐயுற்றனர். ஆயினும் அவ்வையம் மன்னன் செவியை எட்டவில்லை. விரைந்த முடிவின் பெருந்தீங்கு இதுவே. பிறர் ஐயம் வந்து சேர்வதற்கு அது வாயில் விடுவதில்லை.

வஞ்சிக் காண்டத்தில் சேரன் செங்குட்டுவன் வேறொரு முறையினனாகத் தோன்றுகிறான். கணவனுடன் உயிர்நீத்த பாண்டிமாதேவி, தன் நாடு வந்து சேர்ந்த கண்ணகி ஆகிய இருவருள் வியக்கத்தக்கவர் யார் என்று தன் தேவியை வினவுகிறான். நம் நாடடைந்த பத்தினியைப் போற்றுதல் வேண்டும் என்கிறாள் அவள். கல்லை எங்கிருந்து கொணர்வது என்பதை அமைச்சருடன் ஆராய்கிறான். வடபுலத்து மன்னர்க்கு ஓலை விடுக்கலாம் என்கிறான் வில்லவன் கோதை. அவர்தம் ஒற்றர் வஞ்சியிலேயே உள்ளமையால் இங்கு முரசறைந்தாலே போதும் என்கிறான் அழும்பில் வேள். மன்னன் எல்லோர் சொல்லும் கேட்கிறான். முடிவின் பொறுப்பைத் தானே ஏற்கிறான்.

இங்கு ஒன்றை நாம் பிரித்தறிதல் வேண்டும். கலந்தாலோசித்தல் வேறு, பொறுப்பைக் கைமாற்றுதல் வேறு. "அத்தா சொன்னால் சரி" என்ற மாணவி தந்தையிடம் ஆலோசனை கேட்கவில்லை. தம் முடிவையே அவர் கையில் கொடுத்துவிட்டார். கலந்தாலோசித்தலைச் சிறப்பிக்கும் மரபு நம் சமுதாயத்திற்குப் புதிதன்று. திருக்குர்ஆனின் 42ஆம் அத்தியாயம் அதன் பெயராலேயே 'அஷ்ஷூரா' என வழங்குகிறது. அகழ்ப்போரின்போது நகரைக் காக்க அகழி தோண்டலாம் என்று சல்மான் பார்ஸி (ரலி) கூறிய யோசனையை நபிகள் நாயகம் (ஸல்) ஏற்றுச் செயற்படுத்தியமை வரலாறு. பிறர் சொல் கேட்பது தலைமைக்குத் தாழ்வன்று என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

கண்ணகியின் மாற்றம்

பழக்கம் மாறக்கூடியது என்பதற்குக் கண்ணகியே சான்று. மதுரைக்குச் செல்வோம் என்று கோவலன் கூறியபோது மறுசொல் இன்றி உடன் புறப்பட்டவள் அவள். எனினும் அவள் தனக்கென ஓர் உறுதி இல்லாதவள் அல்லள். கணவனைப் பெறப் பொய்கையில் நீராடிக் காமவேள் கோட்டம் தொழலாம் என்று தேவந்தி கூறியபோது, அது தமக்குப் பெருமையன்று என உடனே மறுத்தவளும் அவளே. அதே பெண் மதுரையில் எவர் துணையுமின்றி அரசவை சென்று வழக்குரைக்கிறாள். அமைதியாக இருப்போர்க்கு முடிவெடுக்கத் தெரியாது என்று எண்ணுவோர் கண்ணகியை நினைத்துப் பார்ப்பது நன்று.

நம் இழுப்பறை

பிறரைப் பற்றியே பேசுவது முறையாகாது. எம்.ஃபில். பட்டம் பெற்றபின், முனைவர் பட்டப் பதிவிற்கான விண்ணப்பம் நம் மேசை இழுப்பறையில் பல ஆண்டுகள் கிடந்தது. தலைப்பை இன்னும் செம்மைப்படுத்த வேண்டும், மேலும் சில நூல்களைப் பார்க்க வேண்டும் என்று நமக்கு நாமே சொல்லிக்கொண்டோம். அதனை ஆய்வு முறை என்றே நம்பியிருந்தோம். உண்மையில் அது தவிர்ப்பு முறை. ஆய்வின் ஆடையை உடுத்தியிருந்தது. எல்லாச் செய்திகளையும் அறிந்து தலைசிறந்ததைத் தேர்வது மனிதர்க்கு இயலாது, போதிய அளவு நன்றாக இருப்பதைத் தேர்ந்து அமைவதே நடைமுறை என்று விளக்கிய ஹெர்பர்ட் சைமன் 1978இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றார். அவர் கருத்தை வகுப்பில் எடுத்துரைத்த நாமே அதனைக் கைக்கொள்ளத் தவறினோம்.

எதற்கு எம்முறை?

ஆராய்ந்து தெளிந்தபின் துணிவதே ஆலோசனையின் முடிவு என்றும், துணிந்தபின் காலம் தாழ்த்துவது தீது என்றும் 'வினைசெயல்வகை' அதிகாரத்தில் உரைக்கும் வள்ளுவர், தாழ்த்திச் செய்ய வேண்டியதைத் தாழ்த்தியும், தாழ்க்கலாகாததை விரைந்தும் செய்யுமாறு அங்கேயே பணிக்கிறார். எம்முறை நன்று என்பதைச் செய்யும் வினையே தீர்மானிக்கும் என்பது இதன் பொருள். நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வதில் ஆய்வு முறை உதவாது. மணமும் கல்வியும் போன்றவற்றில் உடனடி முறை ஆகாது. நெடுநாள் பயின்ற துறையில் உள்ளுணர்வை நம்பலாம். பல்லாண்டு அனுபவம் அங்கே உணர்வாகக் கனிந்திருக்கிறது. புதிய துறையில் அதே உள்ளுணர்வு வெறும் ஊகமே.

மீண்டும் அம்மாணவியிடம் வருவோம். அன்று அவர் மற்றொன்றும் கூறினார். பெண்ணுக்குக் கல்லூரி எதற்கு என்று உறவினர் கூடிப் பல நாள் பேசிக்கொண்டிருந்தனராம். ஓரிரவு அத்தா எழுந்து, "நாளைக் காலை போகிறோம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டாராம். அவ்விரைவு இல்லையேல் அப்பெண் நம் மேசை முன் வந்து நின்றிருக்கவே மாட்டார். கல்லூரிக் கதவைத் திறந்ததும், வேண்டாத வகுப்பில் அமர்த்தியதும் ஒரே தந்தையின் ஒரே பழக்கம். முன்னதற்கு அது பொருந்தியது, பின்னதற்குப் பொருந்தவில்லை.

ஆதலின் பெற்றோர்க்கு நம் வேண்டுகோள் ஒன்றே: கதவை விரைந்து திறவுங்கள், உள்ளே எவ்விடத்தில் அமர்வது என்பதற்குப் பிள்ளைகளுக்கு ஓரிரு நாள் அளியுங்கள். மாணவர்க்கும் ஒன்று சொல்வோம்: உங்கள் எண்ணத்தைக் காலத்தே வாய்விட்டுச் சொல்லுங்கள், மௌனம் சம்மதமாகவே எழுதப்பட்டுவிடும். நாமும் ஒரு வழக்கத்தை மேற்கொண்டிருக்கிறோம். சேர்க்கைப் படிவத்தை மேசையிலேயே நிரப்பித் தருவோரிடம், "வீட்டுக்கு எடுத்துச் சென்று, இரவு பிள்ளையுடன் அமர்ந்து பேசி, நாளை கொண்டு வாருங்கள்" என்கிறோம். சிலர் பாடப்பிரிவை மாற்றி எழுதி வருகின்றனர். பலர் முன்பு எழுதியதையே கொண்டு வருகின்றனர். ஆயினும் மறுநாள் வரும் பிள்ளை தரையை நோக்கி நிற்பதில்லை.